ஊர்தி இல்லா இல்லறம்

பறம்பு மலைக்குரிய வேள் பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்துவிட்டு நடந்து சென்றான் என்பதைத் தமிழர் அனைவரும் அறிவர். பள்ளிப் பாடத்தில் தொடங்கிப் பட்டிமன்றம் வரை இச்செய்தி பேசப்படாத இடம் இல்லை. ஆயினும் அதனுள் அடங்கிய ஒரு சிறு வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. தேர் உடையவன் தேரை விட்டு இறங்கி நடந்தால் அதற்குக் கொடை என்று பெயர். தேரே இல்லாதவன் நடந்து சென்றால் அதற்கு என்ன பெயர்? அது கொடையும் அன்று, துறவும் அன்று, வெறும் இல்லாமை. அவ்வில்லாமையே, தேர் வாங்கும் பொருள் கைக்கு வந்த பிறகும் தொடருமாயின், அப்போது அதனை என்னவென்று அழைப்பது? தில்லி மாநகரில் மத்திய அரசின் எழுத்தர்களாகப் பணிபுரிந்துகொண்டு, கார் இன்றியே இல்லறம் நடத்தி வரும் நம்மைப் போன்றோர் முன் நிற்கும் அறக்கேள்வி இதுதான்.

நமக்கு முன் தலைநகருக்கு வந்த தலைமுறையினர்க்கு இக்கேள்வி எழுந்ததே இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் குடியிருந்தோர், செயலகத்திற்கு மிதிவண்டியில் சென்று வந்தனர். கழுத்தைச் சுற்றிய மப்ளரும், காற்சட்டையின் அடி சங்கிலியில் சிக்காதவாறு பற்றியிருக்கும் வளையமும், கைப்பிடியில் ஆடும் சோற்றுத் தூக்கும் அவர்களுடைய அடையாளங்கள். பின்னர் இராமகிருஷ்ணபுரமும் சரோஜினி நகரும் நிரம்பியபோது சார்ட்டர்டு பேருந்துகள் வந்தன. ஒரே பேருந்து, ஒரே நேரம், ஒரே முகங்கள். முன் இருக்கைகளில் பெண்கள் ஸ்வெட்டர் பின்ன, பின்புறம் ஆடவர் சீட்டாடினர். கம்பளி நூலின் விலை முதல் பஞ்சப்படி உயர்வு வரை அங்கே பேசி முடிவு செய்யப்பட்டது என்று மூத்தோர் இன்றும் சுவைபடச் சொல்வதுண்டு. அந்நாளில் கார் என்றால் அம்பாசடர் அல்லது பியட். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14ஆம் நாள், முதல் மாருதியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஒரு விமான நிறுவன ஊழியரிடம் கொடுத்தபோது, அதன் விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதுவும் எழுத்தர் ஒருவருக்குச் சில ஆண்டுகளின் முழுச் சம்பளம். வாங்க இயலாத பொருளை வாங்கலாமா கூடாதா என்று எவரும் ஆராய்வதில்லை.

இன்று நிலைமை வேறு. 6ஆவது, 7ஆவது ஊதியக் குழுக்களுக்குப் பின் நம் கையில் சிறிது மிஞ்சுகிறது. கார் வாங்குவதற்கென்று அரசு தன் ஊழியர்க்குக் கொடுத்து வந்த முன்பணம் 2016இல் நிறுத்தப்பட்டுவிட்டது என்பது உண்மையே. ஆயினும் அதனால் குறை ஒன்றும் இல்லை. கடன் தர வங்கிகள் வலிய வந்து வாசலில் நிற்கின்றன. நம் அலுவலகத்துப் பிரிவில் பாதிப்பேர் கார் வைத்திருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் சென்றால், "டெல்லியிலே இத்தனை வருஷமா இருக்கே, இன்னும் ஒரு வண்டி வாங்கலையாப்பா?" என்று சித்தப்பா திண்ணையிலிருந்து கேட்கிறார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் நூறு குடும்பங்களில் ஐந்திற்கும் குறைவான குடும்பங்களிடமே கார் இருந்தது. தில்லியில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதன் பின் எண்ணிக்கை கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் இம்மாநகரில் கார் இல்லாதோர் ஒரு சிறு கூட்டம் என்ற எண்ணம், நாம் யாருடன் பழகுகிறோம் என்பதனால் விளையும் மயக்கமே.

சித்தப்பாவிற்கு நாம் சொல்லும் விடைகள் இரண்டு. "தேவைப்படவில்லை" என்பது ஒன்று. "ஊர் இருக்கும் இருப்பில் நாமும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது தகாது" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உரைத்துப் பார்ப்போம்.

தேவையில்லை என்பதில் பெரும்பகுதி உண்மை உண்டு. 2002 டிசம்பரில் ஷாஹ்தராவிற்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோ, இன்று துவாரகாவையும் ரோகிணியையும் மயூர் விஹாரையும் இணைத்துவிட்டது. நடந்து, இ-ரிக்ஷாவில் ஏறி, மெட்ரோவில் நின்று, மறுபடி நடந்து அலுவலகம் சேர்வோர் காரில் வருவோரைக் காட்டிலும் பிந்துவதில்லை. இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர் 1974இல் வெளிவந்த 'ஆற்றலும் சமநீதியும்' என்ற நூலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அக்காரின் விலையையும் பெட்ரோலையும் காப்புறுதியையும் வரியையும் ஈட்டுவதற்காக உழைக்கும் நேரத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி ஆகிறது. அதற்கு அவர் கடக்கும் தொலைவு 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல் கூட இல்லை. விரைந்து நடப்பவனின் வேகம்தான்! எழுத்தர்களாகிய நமக்கு இவ்வகைக் கணக்கு மிகவும் பிடிக்கும். தவணை, காப்புறுதி, பழுது, நிறுத்துமிடம் என்று நாமும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, "வாங்காததே இலாபம்" என்று கோடிட்டு முடித்துவிடலாம். எனினும் இலாபக் கணக்கு அறக்கணக்கு ஆகிவிடாது.

இரண்டாம் விடை ஆழமானது. தேர் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழும் செய்திகளில் பாரியின் தேர் ஒன்று; திருவாரூர் இளவரசனின் தேர் மற்றொன்று. மனுநீதிச் சோழனின் மகன் கன்றைக் கொல்ல எண்ணித் தேர் ஓட்டவில்லை. கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. அமைச்சர்கள் அவ்வாறே எடுத்துச் சொல்லினர். ஆயினும் பசு மணியை அசைத்தபோது மன்னன் அச்சமாதானத்தை ஏற்கவில்லை. கருதாமல் செய்த தீங்கிற்கும் தேருக்குரியவன் பொறுப்பாவான் என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். தண்டனையின் கடுமையை நாம் ஏற்க வேண்டியதில்லை. பொறுப்பு யாருடையது என்று மன்னன் கண்ட முடிவு சிந்திக்கத்தக்கது.

தில்லியில் தேர்கள் பெருகிவிட்டன, மணிதான் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளியை ஒட்டிய நாட்களில் வானம் சாம்பல் நிறம் பூண்டு, பள்ளிகள் மூடப்படும் நிலை வருவதை நாம் பழகிக்கொண்டோம். வயல்களில் எரியும் தாள், கட்டடத் தூசு, ஆலைப் புகை, வண்டிப் புகை எனக் காரணங்கள் பல. காரின் மேல் மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. காற்றிலுள்ள நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வரையறுத்தது; நம் நாடு வகுத்துக்கொண்ட எல்லையே 40. தில்லியோ அவ்வெல்லையையும் தாண்டி நிற்பது. இக்காற்றைக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்பவர் சிறிதளவு தவிர்க்க இயலும். நடைபாதையில் காய்கறி விற்பவளும் சிக்னலில் நிற்கும் காவலரும் தவிர்க்க இயலாது.

இம்மாநகரின் காற்றைத் தூய்மைப்படுத்த எடுத்த முதல் பெருமுயற்சியின் சுமையும் பேருந்துப் பயணிகள் மேல்தான் விழுந்தது. நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவிற்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. 2001 ஏப்ரலில் கெடு வந்தபோது போதிய பேருந்துகள் இல்லை. மக்கள் நிறுத்தங்களில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தனர். 2002 இறுதிக்குள் மாற்றம் நிறைவேறியது; நன்மை ஊருக்கெல்லாம் கிடைத்தது. வெயிலில் நின்றவர்கள் யார் என்பதை ஊர் மறந்துவிட்டது. காருக்கு அத்தகைய சோதனை வெகுகாலம் கழித்து, 2016 ஜனவரியில் ஒற்றைப்படை இரட்டைப்படை எண் முறை வந்தபோதுதான் ஏற்பட்டது. அதுவும் பதினைந்தே நாள். அந்நாட்களில் நம் மேலதிகாரிகள் சிலரை மெட்ரோவில் கண்டோம். கம்பியைப் பற்றி நிற்கத் தெரியாமல் அவர்கள் தடுமாறியது கண்டு நமக்குள் எழுந்த மகிழ்ச்சி, அறத்தின்பாற்பட்டது என்று சொல்வதற்கில்லை.

தெருவின் இடம் யாருக்கு என்பது இன்னொரு வழக்கு. ஒரு காரை நிறுத்துவதற்குத் திறந்தவெளியில், வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் ஒதுக்க வேண்டும் என்கிறது தில்லியின் 2021ஆம் ஆண்டிற்கான பெருந்திட்டம். ஏழைகளுக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டிற்கு வகுக்கப்பட்ட உச்ச அளவு 30 சதுர மீட்டர். கார் குடியிருக்கும் இடத்திற்கும் ஒரு குடும்பம் குடியிருக்கும் இடத்திற்கும் இவ்வளவே வேறுபாடு! அக்காரும் நாளின் பெரும்பொழுது அசையாது உறங்குவது. இவ்விட வழக்கு உண்மையாகவே நீதிமன்றம் ஏறியதுண்டு. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவிற்கு, சாலையின் நடுவே பேருந்துகளுக்கென்று தனிப்பாதை 2008இல் திறக்கப்பட்டது. காருக்குரிய இடம் குறுகிவிட்டது, அப்பாதையில் கார்களையும் விட வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012 அக்டோபரில் தில்லி உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. சாலையில் செல்லும் வண்டிகளை எண்ணுவதா, வண்டிக்குள் இருக்கும் மனிதர்களை எண்ணுவதா என்பதே அவ்வழக்கின் சாரம் என்று நாம் புரிந்துகொண்டோம். மனிதர்களை எண்ணினால் பேருந்திற்கே இடம். ஆனால் வென்ற பாதை நிலைக்கவில்லை. குறைகள் பல கண்டு, 2016இல் அதனைப் பெயர்த்தெடுத்துவிட்டனர்.

'மகிழுந்து' என்று காருக்கு நம் அறிஞர்கள் பெயர் சூட்டினர். நல்ல சொல்தான். யார் மகிழ, யார் விலகி நிற்க என்பதை அச்சொல் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதைப் படிப்போர், கார் வாங்காதிருப்பதே அறம் என்று நாம் தீர்ப்பளித்துவிட்டதாக எண்ணலாம். அவ்வாறு தீர்ப்பளித்து, பேருந்து நிறுத்தத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பெருமிதத்தில் பாதி சிக்கனம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணமும் போக மிஞ்சியதைக் கரையவிடக் கூடாதென்னும் குடும்பக் கவலை. சிக்கனம் இழிவானதன்று. அதற்குத் தொண்டு என்று வேறு பெயர் சூட்டுவதுதான் பொருந்தவில்லை. ஆனால் இதனினும் பெரிய தடை ஒன்று அப்பெருமிதத்தின் குறுக்கே நிற்கிறது.

பாரி தேரை விட்டு இறங்கினான், புலவர் பாடினர். அன்று மாலை அவன் வீட்டார் எங்கேனும் செல்ல வேண்டியிருந்ததா, எவ்வாறு சென்றனர் என்பதைப் பாட்டு கூறவில்லை. கொடை கொடுத்தவனுக்குப் புகழ். கொடையின் விலையைச் செலுத்தியவர் யார் என்பது ஏட்டில் ஏறவில்லை. அரசனுக்குத் தேர்கள் பல இருந்திருக்கும் என்று அதனை விட்டுவிடலாம். நம் வீடுகளில் அவ்வாறு விட்டுவிட இயலாது.

கார் வேண்டாம் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவருடைய பயணமோ எளிது. காலையில் ஒரு வழி, மாலையில் அதே வழி. கையில் ஒரு பை. வீட்டுத் தலைவியின் பயணம் அத்தகையதன்று. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, காய்கறிச் சந்தை, வங்கி என்று துண்டு துண்டாக நான்கு இடங்களுக்கு, ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக அவர் செல்கிறார். மூட்டுவலியுள்ள தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர் அறிவர், நடைமேம்பாலத்தின் படிகள் எத்தனை என்று. மே மாத வெயிலில் நிறுத்தத்தில் நின்று, "இன்னும் ஒரு பஸ் மாறணுமாப்பா?" என்று அத்தாய் கேட்கும்போது, காற்றில் கலவாத புகையைப் பற்றிய பெருமிதம் நம் நெஞ்சில் நிலைப்பதில்லை. தூய காற்றின் பொருட்டு நாம் செலுத்திய காணிக்கை, அவர் முழங்காலிலிருந்து எடுத்ததாக இருக்கிறது.

மகளைப் பெற்றோர் நிலை இன்னும் கடினம். 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு முனிர்க்கா நிறுத்தத்தில், வீடு திரும்பும் பொருட்டு ஒரு தனியார் பேருந்தில் ஏறிய மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். முனிர்க்கா நமக்கு ஏதோ ஒரு பெயரன்று. தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதி. மலை மந்திருக்குச் செல்வோர் பலமுறை இறங்கிய நிறுத்தம். அதன் பிறகு பல வீடுகளில் கார் வந்தது. அச்சத்தினால் வாங்கிய கார் அது. அத்தந்தையரிடம் சென்று நுண்துகளின் அளவைப் பற்றிப் பேச நமக்கு நாவெழுவதில்லை.

எனவே கேள்வி நாம் முதலில் எண்ணிய வடிவில் இல்லை. கார் வைத்திருப்பவர் தம் வசதியின் விலையில் ஒரு பகுதியை முகமறியாத அயலார் மேல் ஏற்றுகிறார். கார் வேண்டாம் என்பவர் தம் கொள்கையின் விலையில் ஒரு பகுதியைத் தம் வீட்டார் மேல் ஏற்றுகிறார். அயலார்க்குச் செய்யும் தீங்கு கண்ணுக்குத் தெரியாது. பல இலட்சம் பேருக்குப் பங்கிடப்பட்டு மெலிந்துவிடுகிறது. வீட்டார் படும் துன்பம் நேரில் நிற்கிறது. இல்லறத்தான் எவர் பக்கம் நிற்பது?

ஒரு ஸ்கூட்டரில் தந்தை, தாய், இரு குழந்தைகள் நனைந்துகொண்டு செல்லும் காட்சியைக் கண்டதனால்தான் ஒரு இலட்சம் ரூபாய்க் காரை எண்ணத் தொடங்கியதாக ரத்தன் டாடா கூறினார். 2008இல் நானோவைக் காட்டியபோது, ஊர் நெரிசலில் மூழ்கிவிடும் என்று எதிர்த்தோர் பலர். அவர்களில் சிலர் காரில் வந்து எதிர்த்தனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அக்கார் பெரிதாக விற்காமல் 2018இல் நின்றுபோனது. அது வேறு கதை. ஆனால் தன் குழந்தை நனையலாகாது என்று கார் வாங்கும் தந்தையை அறம் பிழைத்தவர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவ்வாறே, வாங்காதவரை அன்பற்றவர் என்று சொல்லவும் சித்தப்பாவிற்கு உரிமையில்லை. நம் நோக்கில், வாங்காமலிருப்பவரின் முடிவு நேர்மையானதா என்பதற்கு ஒரே சோதனை உண்டு: அம்முடிவின் சுமையைச் சுமப்பவரிடம் அவர் கேட்டாரா? மனைவியும் தாயும் மகளும் அமர்ந்து, இன்னின்ன பயணம் எளிது, இன்னின்னது இயலாது என்று சொல்லிய பின் எடுத்த முடிவானால், அது குடும்பத்தின் முடிவு. சொல்லாமல் திணித்ததானால், பிறர் செலவில் ஈட்டிய புண்ணியம்.

இயலாது என்று அவர்கள் சொன்ன பயணத்திற்குத் தாராளமாகச் செலவிட வேண்டும். கார் வாங்காததனால் மாதந்தோறும் மிஞ்சும் தொகை தலைவரின் தனிச் சேமிப்பு ஆகாது. அது மூட்டுவலித் தாயின் ஆட்டோ கட்டணம். மாலை வகுப்பு முடிந்து வரும் மகளின் வாடகைக் கார். அரசு நமக்குப் போக்குவரத்துப் படி தருகிறது. 2017 ஜூலையில் அப்படி திருத்தப்பட்டபோது, தில்லி போன்ற பெருநகர்களில் நம் நிலையினர் பலருக்கு 3,600 ரூபாயும் அதன் மேல் பஞ்சப்படியும் என வகுத்தனர். ஊழியர் வீட்டிலிருந்து அலுவலகம் சென்று மீள்வதற்கான படி அது. வீட்டார் செல்லும் வழிகளை எந்தக் குழுவும் கணக்கில் எடுப்பதில்லை. அதில் குறை சொல்லவும் இல்லை. நாமாவது எடுக்க வேண்டும் அன்றோ?

வாடகைக் காரில் ஏறினால் புகை வராதா என்று சிலர் மடக்குவர். வரும். முற்றும் தூயவராக வாழ்வதற்கு இம்மாநகரில் இடமில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணா, கொஞ்சம் வண்டியை எடுக்க முடியுமா?" என்று கேட்கிறோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கி வருகிறார். அவர் காரைப் பகலெல்லாம் பழித்துவிட்டு இரவில் அதில் ஏறுவது இரண்டகம் என்று தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மாடிக் குடியிருப்பில் பத்து வீட்டிற்கு இரண்டு கார் இருந்து, அவை பத்து வீட்டின் ஆபத்திற்கும் புறப்படுமாயின், ஒப்புரவு என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துப் பேசிய பண்பு அங்கே உயிரோடிருக்கிறது. பழிப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். கடன்பட்டவர் பழிக்கலாகாது. பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால் அவர் வாங்கமாட்டார். ஊரிலிருந்து வரும் முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவர் வீட்டிற்கு முதலில் செல்லட்டும்.

நாம் பேருந்திலேயே நீடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதனைப் பலரும் எண்ணுவதில்லை. காலை ஆறு மணிப் பேருந்தில் நம்மோடு நிற்பவர்கள் யார்? வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், கட்டடத் தொழிலாளர், காவலாளிகள். அவர்களில் பலருக்குக் காருக்கும் பேருந்திற்கும் இடையே தேர்வு என்பதே இல்லை. ஒரு வழித்தடத்தைக் குறைத்தால், நிழற்குடையைப் பெயர்த்தால், மாலை வண்டி ஒரு மாதமாக வராவிட்டால், அதனை எழுத்தில் வடித்து உரிய அதிகாரியின் மேசையில் சேர்த்து, பதில் வரும்வரை நினைவூட்டு மடல் அனுப்ப வேண்டும். நம் வாழ்நாளெல்லாம் நாம் பழகிய ஒரே கலை அதுதானே! கோப்பு எவ்வாறு நகரும், எங்கே உறங்கும் என்று நமக்குத் தெரியும். மனு எழுதத் தெரிந்தவரெல்லாம் வரிசையிலிருந்து விலகிக் கார் ஏறிவிட்டால், வரிசையில் எஞ்சியோர்க்கு எழுதுபவர் யார்? கேட்பாரில்லாத பேருந்து தேய்வதற்கு அதிக நாள் ஆகாது. பெண்களுக்கு மெட்ரோவின் முதற்பெட்டியை ஒதுக்கியது 2010இல். தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று இளஞ்சிவப்புச் சீட்டைக் கொடுக்கத் தொடங்கியது 2019 அக்டோபர் 29இல், பாய் தூஜ் நாளன்று. இவை நம் மனுவால் விளைந்தன என்று சொல்ல வரவில்லை. ஆனால் சீட்டு இலவசமாயினும், கை காட்டும் பெண்ணைக் கண்டு நிறுத்தாமல் செல்லும் ஓட்டுநரைப் பற்றி எழுத, அப்பேருந்தின் எண்ணை நேரில் கண்டவர் வேண்டும்.

நம்மால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தலைநகரில் நாம் நடத்தும் தமிழ் விழாக்கள் மாலை ஆறரைக்கு என்று அழைப்பிதழில் அச்சாகி, ஏழரைக்குத் தொடங்கி, சிறப்புரையாளர் எழும்போது ஒன்பதை நெருங்கிவிடுகின்றன. ரோகிணிக்கும் மயூர் விஹாருக்கும் பேருந்தும் மெட்ரோவும் மாறிச் செல்ல வேண்டிய குடும்பங்கள், கம்பனின் காப்பியம் களைகட்டும் நேரத்தில், செருப்பொலி கேளாதவாறு குனிந்து வெளியேறுகின்றன. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லும் அத்தாய்மார்கள் தமிழைக் கேட்கத்தான் இருபது கிலோமீட்டர் கடந்து வந்தவர்கள். எட்டரைக்கு விழாவை முடித்துவிடலாம். அரங்கின் வாயிலில் ஒரு பலகை வைத்து, எந்தப் பகுதிக்குச் செல்லும் காரில் எத்தனை இடம் காலி என்று சாக்குக்கட்டியால் எழுதச் சொல்லலாம். எழுதுவதற்குக் காருடையோர் பலர் முன்வருவர் என்பது நம் அனுபவம். நேரத்திற்கு எங்கே போவது என்று செயலர் கேட்கக்கூடும். பொன்னாடை போர்த்தும் படலத்தைச் சற்றே சுருக்கினால் அரைமணி கிடைக்கும்.